பேச்சுக்கு இரண்டு, எழுத்துக்கு ஒன்று

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சோபா இடுக்கில் ஒரு இருபது முகப் பகடையாவது கிடைக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இது புரிவதே இல்லை. "பலகையும் இல்ல, காயும் இல்ல. அஞ்சு பேரு உக்காந்து நாலு மணி நேரமா பேசிக்கிட்டே இருக்காங்க. இதுல யாருதான் ஜெயிச்சா?" என்பார்கள். நியாயமான கேள்வி. யாரும் ஜெயிப்பதில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இப்போ இதைச் செய்யறேன்" என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும்.

என்ன விழுந்தால் பலிக்கும் என்பது அந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கும் தாளைப் பொறுத்தது. கேரக்டர் ஷீட் என்பார்கள். ஒரு மனுஷரை ஒரே தாளில் எப்படி எழுதுவது? ஐம்பது வருஷமாக இந்த விளையாட்டுகள் இதற்கு இரண்டு விதமான பதில் சொல்லி வருகின்றன. முதல் பதில் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டாவது பதிலை நன்றாக எழுதிக் காட்டிய ஆள் நம் டெக்சஸ்காரர், ஹூஸ்டனில் படித்தவர். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் பதில் 1974-இல் வந்தது. விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டி அண்ட் டி-யில் நீங்கள் மூன்றில் ஒன்று: போர்வீரர், மந்திரவாதி, மதகுரு. அடுத்த வருஷம் திருடர் வந்து சேர்ந்தார். எது என்று தேர்ந்தெடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன வரும், என்ன வராது எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். மந்திரவாதி குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் தொட முடியாது. ஏன் என்று கேட்டால், அவர் மந்திரவாதி, அவ்வளவுதான். இதற்கு கிளாஸ் என்று பெயர். தமிழில் 'வகுப்பு' என்று எழுதப் போனால் கை கொஞ்சம் தயங்குகிறது, ஊரில் அது சாதிச் சான்றிதழில் வரும் சொல். ஆனால் யோசித்தால் பொருத்தம் இல்லாமலும் இல்லை!

வகுப்பு முறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருபது நிமிஷத்தில் ஒரு பாத்திரம் தயார், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் டி அண்ட் டி-யிலும் வகுப்புக்குள்ளேயே தனித்திறன்களுக்குப் பாயிண்ட் பிரிக்கும் முறை வந்தது. ஆனாலும் தாளின் மேல்வரியில் வருவது 'நீ என்ன?' என்ற கேள்விதான்.

இரண்டாவது பதில் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. 'உனக்கு என்னென்ன தெரியும், எவ்வளவு தெரியும்?' என்று மட்டும் கேட்கும். 1977-இல் வந்த 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டில் உங்கள் பாத்திரம் முதலில் கடற்படை, ராணுவம், வணிகக் கப்பல் என்று ஏதோ ஒன்றில் வேலை பார்க்கும். எத்தனை வருஷம் பார்த்ததோ அதற்கேற்ற திறன்களோடு வெளியே வரும். (பகடை சரியில்லை என்றால் விளையாட்டு ஆரம்பிக்கும் முன்பே, வேலையில் இருக்கும்போதே, பாத்திரம் செத்தும் போகும். இதைச் சொன்னால் ஐ.டி.யில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள்.) 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்'டில் ஒவ்வொரு திறனும் ஒரு சதவீதம். ஒரு திறனைப் பயன்படுத்தி வெற்றி பெற்றால் பக்கத்தில் ஒரு டிக். சாகசம் முடிந்தபின் நூறு வரை வரும் பகடையை உருட்ட வேண்டும், உங்கள் சதவீதத்தைவிட அதிகமாக விழுந்தால்தான் முன்னேற்றம். அதாவது 20 தெரிந்தவருக்குக் கற்றுக்கொள்வது சுலபம், 90 தெரிந்தவருக்குக் கஷ்டம். வீணை கற்றுக்கொடுக்கும் எந்த டீச்சரைக் கேட்டாலும் இதை ஒத்துக்கொள்வார்.

இனி டெக்சஸ்காரர். நியூ ஜெர்சி, பே ஏரியா வாசகர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன்: ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையைச் சுற்றிய இந்தியக் கடைவீதிக்கு 2010 முதல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று அதிகாரப்பூர்வமான பெயர். உங்கள் ஊர் ஓக் ட்ரீ ரோடு மாதிரி. அங்கே தோசை சாப்பிட்டு, கறிவேப்பிலையும் பட்டுப் பாவாடையும் வாங்கிக்கொண்டு கிளம்பினால் பத்து மைலுக்குள் ரைஸ் பல்கலைக்கழகம். அங்கே 1974-இல் பட்டம் வாங்கியவர் ஸ்டீவ் ஜாக்சன். (இதே பெயரில், இதே துறையில், இங்கிலாந்தில் இன்னொரு ஸ்டீவ் ஜாக்சன் இருக்கிறார். கூகுளில் தேடுபவர்கள் கவனம்.) ஆஸ்டினில் ஒரு சின்ன விளையாட்டு கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு 1980-இல் சொந்தமாக ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் தொடங்கினார். 1986-இல் வந்தது கர்ப்ஸ். ஆங்கிலத்தில் அதன் விரிவு 'எல்லாவற்றுக்கும் பொதுவான பாத்திர விளையாட்டு முறை' என்று வரும். குகை, விண்கலம், துப்பறியும் கதை எதுவானாலும் ஒரே விதிகள். முதலில் பெயர் கிடைக்காமல் 'மகத்தான பெயரில்லா முறை' என்று ஆபீஸில் தற்காலிகமாகக் கூப்பிட்டதன் முதலெழுத்துகள்தான் அவை. புராஜெக்ட்டின் தற்காலிகப் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொள்வது நம் தொழிலில் மட்டும் நடப்பதில்லை போல.

வீடியோ கேம் ஆடுபவர்களுக்கு ஒரு தகவல். 1997-இல் வந்த 'ஃபால்அவுட்' முதலில் கர்ப்ஸ் விதிகளில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முறிந்ததால் அவர்களே சொந்தமாக ஒரு முறை எழுதிக்கொண்டார்கள். 2024-இல் நீங்கள் பார்த்த ஃபால்அவுட் தொடருக்கும் வேரில் ஆஸ்டின் மண் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

கர்ப்ஸ் தாள் ஒரு வீட்டு பட்ஜெட் மாதிரி. உங்களுக்கு ஒரு தொகை உண்டு, 100 அல்லது 150 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலம், சுறுசுறுப்பு, புத்தி, உடல்திடம் என்று நான்கு அடிப்படைகள், எல்லாருக்கும் 10-இல் தொடக்கம், கூட்டினால் செலவு. மிச்சப் பாயிண்ட்டில் திறன்கள் வாங்கலாம்: சமையல், நீச்சல், பேரம், வில்வித்தை என்று நூற்றுக்கணக்கில். செய்து பார்க்கும்போது மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை உங்கள் திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி.

ஒரு திறனைக் கற்றுக்கொள்ளாதவருக்கும் பெரும்பாலும் ஒரு எண் உண்டு. சமையலை எடுத்துக்கொள்வோம். கற்காதவருக்குப் புத்தியிலிருந்து 5 கழிக்க வேண்டும், அதாவது சராசரி ஆளுக்கு 5. மூன்று பகடையில் 5-க்குள் விழ வாய்ப்பு 4.6 சதவீதம். அந்த ஆள் ஒரே ஒரு பாயிண்ட் செலவழித்தால் திறன் 9 ஆகும், வாய்ப்பு 37.5 சதவீதத்துக்குத் தாவுகிறது. இரண்டு பாயிண்ட்டுக்கு 10, அது சரிபாதி. நான்குக்கு 62.5, எட்டுக்கு 74, பன்னிரண்டுக்கு 84. முதல் பாயிண்ட்டில் வாங்கியது 33 சதவீதம், எட்டிலிருந்து பன்னிரண்டு போக நான்கு பாயிண்ட் கொட்டி வாங்குவது வெறும் 10. ஸ்ப்ரெட்ஷீட்டில் வரைந்து பாருங்கள், இந்த வளைவு அழகாக இருக்கும். கர்ப்ஸில் மலிவான சரக்கு எப்போதும் முதல் பாயிண்ட்தான்.

(4.6 சதவீதமா, அப்படியானால் பேச்சிலர் ரூமில் நாம் எப்படி உயிரோடு இருந்தோம் என்று கேட்பீர்கள். நிதானமாகச் செய்யும் அன்றாட வேலைக்கு 4-க்கும் மேல் சலுகை உண்டு. பகடை உருட்டச் சொன்னால் அது மழையில், ஈர விறகில், நாற்பது பேருக்குச் சமைப்பது என்று அர்த்தம்.)

திறன்களை இப்படி உன்னிப்பாக எழுதப் போய் அந்தக் கம்பெனி ஒரு பெரிய வம்பிலும் மாட்டியது. 1990 மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்க ரகசிய சேவைத் துறையினர் ஆஸ்டின் ஆபீஸுக்குள் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றில் 'கர்ப்ஸ் சைபர்பங்க்' புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியும் இருந்தது. ஹேக்கிங் ஒரு திறனாக வரும் எதிர்காலக் கதை விளையாட்டு அது. ஹேக்கர்கள் வட்டத்தில் பழக்கமுள்ள ஒருவர் அதை எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் குற்றம் செய்ய இது ஒரு கையேடு என்றே அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஆனால் வேலை முடங்கி, கிட்டத்தட்டப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. புத்தகத்தைத் திரும்ப எழுதி அதே வருஷம் வெளியிட்டார்கள், 'ரகசிய சேவை கைப்பற்றிய புத்தகம்' என்று அட்டையிலேயே போட்டு! வழக்கும் போட்டார்கள். 1993-இல் நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தார்: 50,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு, வக்கீல் செலவுக்கு 2,50,000. மற்றவர்களின் மின்னஞ்சலை அப்படி அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதில் அந்தத் தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. வழக்குக்குத் துணை நின்றது அப்போதுதான் பிறந்திருந்த இ.எஃப்.எஃப். அமைப்பு.

சரி, தாளுக்கு வருவோம். கர்ப்ஸில் குறைகளுக்கும் விலை உண்டு, மைனஸில். முன்கோபம் மைனஸ் 10. கூட வருகிறவர்களைக் கைவிட முடியாத மனசு மைனஸ் 5. அந்தப் பாயிண்ட்டை எடுத்து வேறு திறன் வாங்கிக்கொள்ளலாம். நேர்மைக்கும் மைனஸ் 10, அதுவும் குறைகள் பட்டியலில்தான். சட்டத்தை மீறவே முடியாத ஆளுக்குக் கதையில் கஷ்டம் அதிகம் என்பதால் அப்படி. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற என் அப்பா இதைக் கேட்டதும் சோபாவிலிருந்து எழுந்து மேசைக்கு வந்தார். "இது தெரிஞ்சவன் எழுதின புத்தகம்டா" என்றார். அன்றிலிருந்து அவரும் ஆடுகிறார்.

எங்கள் குழுவின் கதை 1088-இல் நடக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில், பரூஸ் அருகே லோபு துவாவில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் ஆண்டு 1088. நாகப்பட்டினத்திலிருந்து அங்கே போகும் ஒரு மரக்கலம், அதில் ஆறு பேர். அப்பா மாலுமி. நான் கதை நடத்துபவன். அண்ணன், அண்ணி, பதினான்கு வயதாகும் அவர்கள் மகள், இன்னும் இரண்டு நண்பர்கள். இந்த விளையாட்டுக்கென்று எழுதிய புத்தகங்களில் ஜப்பானும் சீனாவும் ரோமும் உண்டு, சோழர் காலத்தை நாங்களே எழுதிக்கொண்டோம்.

மாலுமிக்குத் தாள் எழுதும்போதுதான் மொழிகள் பகுதிக்கு வந்தோம். கர்ப்ஸின் 2004 பதிப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு மொழிக்கும் பேச்சு, எழுத்து என்று இரண்டு தனிக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று படிகள்: தட்டுத்தடுமாறி என்றால் ஒரு பாயிண்ட், வேற்றூர் வாடையோடு சரளமாக என்றால் இரண்டு, ஊர்க்காரர் மாதிரி என்றால் மூன்று. ஆக ஒரு மொழி முழுசாக ஆறு பாயிண்ட். தாய்மொழி மட்டும் எல்லாருக்கும் இலவசம். தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் மைனஸ் 3. அப்பாவின் மாலுமிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அந்த மூன்றை எடுத்து மலாய்ப் பேச்சில் இரண்டும் பண்பாட்டுப் பழக்கத்தில் ஒன்றும் போட்டார். வேறொரு நாட்டின் நடைமுறை தெரிவதற்கு விலை ஒரே ஒரு பாயிண்ட்தான். தெரியாவிட்டால் பேரம் முதல் மரியாதை வரை அங்கே செய்யும் பல காரியங்களில் 3 குறையும். அமெரிக்காவில் முதல் ஆறு மாதம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், விலை சல்லிசு என்பீர்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, நம்மளையே எழுதிப் பாக்கலாமா?" என்றாள். எல்லாரும் தங்களையே ஒரு தாளில் எழுதினோம். (இதைச் செய்து பாருங்கள். ஆனால் கணவனும் மனைவியும் ஒருவர் தாளை ஒருவர் திருத்த வேண்டாம்.) அவள் எழுதியது: ஆங்கிலம், தாய்மொழி, இலவசம். தமிழ்: பேச்சு 2, எழுத்து 0.

அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. "தாய்மொழி இங்கிலீஷா? அப்போ நான் யாரு?"

"அம்மா, நான் கனவு காணறதே இங்கிலீஷ்லதான்."

அண்ணன் வேறு பக்கம் போனார். "அந்த ரெண்டே ஜாஸ்தி. எட்டு வருஷமா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் கார் ஓட்டறேன், பஸ் போர்டு படிக்கத் தெரியாது."

எட்டு வருஷம் என்றதும் எனக்கு விதிப்புத்தகத்தில் இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. ஆசிரியரிடம் 200 மணி நேரம் படித்தால் ஒரு பாயிண்ட். தானாகப் படித்தால் மணிக்கு அரை மணி. வேலை பார்த்துக்கொண்டே கற்பது மணிக்குக் கால் மணி. இவள் வாரம் இரண்டு மணி நேரம், வருஷத்துக்கு ஏறக்குறைய முப்பது வாரம் போகிறாள். வருஷத்துக்கு 60, எட்டு வருஷத்துக்கு 480. இரண்டு பாயிண்ட்டுக்கு மேல் வருகிறது. அதில் ஒன்று பேச்சுக்குப் போனது என்றாலும் எழுத்தில் பூஜ்யம் எப்படி வரும்?

மளிகைச் சாமான் பையில் இருந்த அப்பளக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார் அப்பா. எழுத்துக் கூட்டி, 'ழ'வை 'ள' என்று சொல்லி, நேரம் எடுத்துத்தான் படித்தாள். ஆனால் கம்பெனி பெயர், ஊர்ப் பெயர், எண்ணெயில் பொரிக்கவும் என்பது வரை படித்துவிட்டாள். தட்டுத்தடுமாறி என்ற படிக்கு விதிப்புத்தகம் சொல்லும் அடையாளம் கிட்டத்தட்ட இதுதான். பூஜ்யத்தை அடித்துவிட்டு 1 என்று எழுதினாள். பேச்சு 2, எழுத்து 1.

தாய்மொழிச் சண்டை மட்டும் தீரவில்லை. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டோம். ஆங்கிலம் தாய்மொழி என்றால் அது இலவசம், தமிழுக்குச் செலவு 3. ஆக மொத்தம் 3. தமிழ் தாய்மொழி என்றால் ஆங்கிலத்துக்குச் செலவு 6. தமிழில் இருக்க வேண்டிய ஆறில் மூன்று குறைவு, எனவே மைனஸ் 3. (எழுத்துக் குறைவுக்குத் தரும் கழிவை எங்கள் வசதிக்குப் பேச்சுக்கும் நீட்டிக்கொண்டோம்.) அதிலும் மொத்தம் 3. அதே பெண், அதே தமிழ். ஒரு தாளில் சம்பாதித்த மூன்றாக நிற்கிறது, இன்னொன்றில் தொலைத்த மூன்றாக நிற்கிறது.

அண்ணி இரண்டு தாளையும் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த மைனஸ் போட்டதுதான் வேணும். அதுலதான் தமிழ் மேல இருக்கு" என்றார். மகளோ பிளஸ் தாளைத்தான் ஃபைலில் வைத்தாள். இன்றைக்கும் வீட்டில் இரண்டு தாளும் இருக்கின்றன. அண்ணி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தினமும் பார்க்கும் தாள் என்றால், என் ஓட்டு பிளஸ்ஸுக்கு. 'எம் பிள்ளைக்குத் தமிழ் வராதுங்க' என்று விருந்தாளி முன்னால் சொல்லும் நம் பழக்கம் வகுப்பு முறையில் வருவது. தெரியும், தெரியாது என்று இரண்டே கட்டம். நடுவில் நிற்கும் 1, 2-க்கெல்லாம் அதில் இடம் கிடையாது.

இப்போது அவளுக்கு அடுத்த பாயிண்ட்டுக்கு 120 மணி நேரம் பாக்கி. பள்ளியில் மட்டும் என்றால் இரண்டு வருஷம். ஊர் லீவுக்கு எங்கள் குழுவே ஒரு விதி வைத்திருக்கிறது: மதுரையில் பாட்டி வீட்டில் இருக்கும் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரக் கணக்கு. அவளே காலண்டரை எடுத்து எண்ணிவிட்டு, முப்பது நாள் போதும் என்றாள்.

ஆரம்பிக்க விரும்புபவர்களுக்குச் சில விஷயங்கள். கர்ப்ஸ் மெதுவானது. முதல் தாள் எழுத இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், திறன் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் பத்து வயதுக்குள் என்றால் டி அண்ட் டி-யிலேயே தொடங்குங்கள். குறைகளுக்குப் பாயிண்ட் கிடைக்கிறது என்றதும் குருடு, செவிடு, ஒற்றைக்கை என்று அள்ளிப் போட்டு மற்றதில் சூரனாக வரும் தந்திரக்காரர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார் (எங்கள் குழுவில் அண்ணன்). அதனால் குறைகளுக்கு ஒரு வரம்பு வைப்பது முக்கியம், தொடங்கும் பாயிண்ட்டில் பாதி என்பது புத்தகமே சொல்லும் வழி. பெரிய புத்தகங்களை உடனே வாங்க வேண்டாம். 'கர்ப்ஸ் லைட்' என்று 32 பக்கச் சுருக்கத்தை அந்தக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. மற்றபடி ஆளுக்கொரு பென்சில், மூன்று பகடை. மோனோபோலி பெட்டியில் இரண்டு இருக்கும், மூன்றாவதை எங்காவது தேடிக்கொள்ளுங்கள்.